ஆறு ஐம்பதுக்குப் போட்ட கோடு

பொன்னாடையை எந்த நேரத்தில் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டால் மரியாதைக் குறைவாகாது என்பது, முப்பது வருஷமாக மேடைக்கு முன்னால் குறிப்பேட்டோடு உட்கார்ந்து பழகிய வைரவநாதனுக்கு, மேடையிலேயே உட்கார வைத்ததும் விளங்காமல் போயிற்று. போர்த்தியவர் இறங்கிப் போகட்டும் என்று பார்த்தார், போயாயிற்று. போட்டோ எடுக்கட்டும் என்று பார்த்தார், அதுவும் ஆயிற்று. சரிகை பிடரியை அறுத்தது. மின்விசிறி கல்லூரி முதல்வருக்கு மட்டும் வீசியது. பின்னால் கட்டியிருந்த பேனரில் ‘வலைப்பூக்கள்: இதழியலின் வளர்ச்சியா, வீழ்ச்சியா?’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நம் ஊரில் எதைப் பேசினாலும் ஒன்று வளர்ச்சியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வீழ்ச்சியாக இருக்க வேண்டும், நடுவில் ஒரு மனுஷன் நின்று வேர்த்துக்கொண்டிருக்க இடமே கிடையாது. தமிழ்த் துறைத் தலைவர் வரவேற்புரையில் இன்னும் சங்க காலத்தைத் தாண்டவில்லை. அவர் எழுந்து போன நாற்காலி காலியாக இருந்தது, அந்தக் காலி நாற்காலிக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள். லூர்துமேரி. அழைப்பிதழில் ‘மருந்துச்சீட்டு வலைப்பூ ஆசிரியர்’ என்று போட்டிருந்தது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். முப்பத்தைந்து வயது இருக்கும். பருத்திப் புடவை, மடியில் கைப்பை, கைப்பைக்கு மேல் இரண்டு கையும். வந்ததும் எழுந்து நின்று, “வணக்கம் சார், எங்கப்பா காலத்துலேருந்து வீட்ல உங்க பேப்பர்தான்,” என்றாள். அவரும் வணக்கம் சொன்னார். சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் கைப்பையின் ஜிப்பைப் பார்த்தார். மூன்று நாளுக்கு முன் அழைப்பிதழில் அவள் பெயரைப் பார்த்தபோதே காய்ச்சல் என்று சொல்லி வராமல் நின்றிருக்கலாம். ஏன் நிற்கவில்லை? நின்றால் அவள் ஏதாவது நினைத்துக்கொள்வாள் என்று பயம். என்ன நினைப்பாள்? அவளுக்கு ஏதாவது தெரிந்திருந்தால்தானே நினைப்பதற்கு. தெரிந்திருந்தால் வணக்கம் சொல்லியிருப்பாளா? தெரிந்துகொண்டே சொல்கிறவர்களும் உண்டு. சட்டைப் பையில் நாலாக மடித்த நிறைவுரைக் காகிதம் இருந்தது. கையை வைத்துப் பார்த்துக்கொண்டார், இருந்தது.

அரங்கத்துக்குப் பின்னால் கேன்டீனில் யாரோ சாம்பாருக்குத் தாளித்தார்கள். பெருங்காய வாசனை ஜன்னல் வழியாக ஏறி மேடைக்கே வந்தது. மூச்சை அடக்கினார். எவ்வளவு நேரம் அடக்க முடியும்? சாம்பார் வாசனைக்குப் பயப்படுகிற தலைமை நிருபர் இந்த ஜில்லாவிலேயே அவர் ஒருத்தராகத்தான் இருப்பார். பதினோரு மாசமாக இப்படித்தான் இருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலம், செய்தி போடுவதற்கு முன், அவர் அந்த மெஸ்ஸுக்குப் போகவில்லை, அங்கே என்ன வாசனை வரும் என்றே அவருக்குத் தெரியாது, போகாத கடையின் வாசனைதான் இப்படி எல்லா அடுப்பிலிருந்தும் வந்து தொலைக்கிறது. போயிருக்கலாம். ஆபீஸிலிருந்து மார்க்கெட் ரோடு நடந்தால் பத்து நிமிஷம். அன்றைக்கு நிருபர் ஒருத்தன் லீவு, ஐந்தாம் பக்கத்தில் வரவேண்டிய ஜவுளிக்கடை விளம்பரம் கடைசி நேரத்தில் நின்றுபோய் இரண்டு பத்தி காலி. மதுரை டெஸ்க்கிலிருந்து, “வைரவா, எதையாவது அனுப்பு,” என்று போன். ஆபீஸில் இணையம் வருகிற ஒரே கணினி அவர் மேஜையில்தான் இருந்தது. டீக்கடையில் பேச்சு வந்தால் வலைப்பூக்காரர்களை அவர் கிழிக்காத நாள் கிடையாது. வேலை வெட்டி இல்லாதவன் எழுதுகிறான், அதைவிட வேலை வெட்டி இல்லாதவன் அடியில் வந்து பின்னூட்டம் போடுகிறான் என்பார். ஆனால் தினமும் மாலை ஐந்து மணிக்கு, கதவைப் பார்த்துக்கொண்டே, ‘மருந்துச்சீட்டு’ திறந்து படிப்பார். இது ஒருத்தருக்கும் தெரியாது. அவள் என்ன பெரிதாக எழுதிவிட்டாள்? கடைக்கு வருகிறவர்களை எழுதுவாள். சில மாத்திரைகளின் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு, பக்கத்தில் நிற்கிற ஆள் போகட்டும் என்று தொண்டை மாத்திரை டப்பாவையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களை எழுதுவாள். அதைப் படித்துவிட்டு, தான் முப்பது வருஷமாக எழுதிய ‘இதனால் அப்பகுதியில் பெரும் பரபரப்பு ஏற்பட்டது’ எல்லாம் ஞாபகம் வரும். பொறாமைதான். அதற்கு வேறு பெயர் தேடி என்ன பிரயோஜனம்?

அன்றைக்கு நாலு மணிக்கு அவள் போட்டிருந்த பதிவில், இன்று மதியத்துக்குள் வயிற்றுப்போக்கு மாத்திரை கேட்டுப் பதினேழு பேர் வந்துவிட்டார்கள், பாதிப்பேர் பொறியியல் கல்லூரி விடுதிப் பையன்கள், மார்க்கெட் ரோடு அழகுநாச்சி மெஸ்ஸில் காலையில் சாப்பிட்டார்களாம் என்று இருந்தது. அந்தக் கடைசி ‘ஆம்’, அந்தப் ‘பாதிப்பேர்’ இரண்டையும் அவர் எடுத்துவிட்டார். அவ்வளவுதான் அவர் செய்த எடிட்டிங். ‘மெஸ்ஸில் சாப்பிட்ட 17 மாணவர்களுக்கு வாந்தி, பேதி’ என்று தலைப்பு, அடியில் ‘நமது நிருபர்’. டெஸ்க்கில், “எங்கேர்ந்து வந்துச்சு?” என்று கேட்டார்கள். “ஆஸ்பத்திரி வட்டாரத்துல சொன்னாங்க,” என்றார். ஆஸ்பத்திரியில் அன்றைக்குச் சேர்ந்தது நாலே பேர். அது மறுநாள்தான் தெரியும், அதுவும் மற்ற பத்திரிகையைப் பார்த்து. பதினேழு என்பது ஒரு மருந்துக்கடைக் கவுன்டருக்கு வந்து நின்றவர்களின் எண்ணிக்கை. அந்த எண் உலகத்தில் இரண்டே இடத்தில் இருந்தது, அவள் பதிவில் ஒன்று, அவர் செய்தியில் ஒன்று. திருடினவன் சட்டியோடு சேர்த்து அதில் பொறித்திருக்கிற பெயரையும் தூக்கி வந்த மாதிரி. புதிதாகச் சேரும் நிருபர்களுக்கு அவர் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது என்ன? பேரைக் கேட்டு எழுது, எழுதினதைத் திருப்பிப் படிச்சுக் காட்டு, போன் நம்பரா, ஒண்ணுக்கு ரெண்டு தடவ படிச்சுக் காட்டு. “தப்பா போட்டா அடுத்த நாள் அவன் வீட்டு வாசல்ல நிக்கப் போறது நீ இல்ல, பேப்பர்,” என்பார். நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தார். முதல்வர் பேச எழுந்தார், மைக் கிறீச்சிட்டது, முதல் வரிசையில் ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டாள். வைரவநாதனுக்கு முன்னால் இருந்த தண்ணீர் பாட்டில் திறக்காமலே இருந்தது. நாக்கு வறண்டிருந்தும் அதைத் தொடப் பிடிக்கவில்லை.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவர் பல தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார். அவசரம், காலிப் பக்கம், எல்லோரும் செய்கிறதுதான். இந்த இடம் வரைக்கும் நினைப்பு ஓடிவந்து, இதற்கு மேல் போகாமல், வண்டி மாடு பாலத்தைக் கண்டு மிரளுகிற மாதிரி நின்றுவிடும். வேறு எதையாவது நினைப்பார். பொன்னாடையை என்ன செய்வது, வீட்டில் ஏற்கெனவே ஒன்பது இருக்கிறது, கொசுவலைக்குக்கூட ஆகாது. ஆனால் இன்றைக்கு அவள் நாலு அடி தள்ளி உட்கார்ந்திருக்கும்போது நினைப்பு பாலத்தைத் தாண்டிவிட்டது. ஏழு ஐந்து. அன்றைக்கு ஆபீஸ் சுவர்க் கடிகாரத்தில் ஏழு ஐந்து. இன்னும் இரண்டு வரி தேற்றலாமா என்று மறுபடி அந்தப் பதிவைத் திறந்தார். மெஸ் பெயர் இருந்த வரியின் குறுக்கே ஒரு கோடு. அழிக்கவில்லை, கோடு மட்டும், அடியில் இருக்கிற எழுத்து தெளிவாகப் படிக்கக் கிடைத்தது. வலைப்பூக்காரர்களின் வழக்கம் அது. தப்பை அழித்தால் மோசடி, அடித்துவிட்டு அப்படியே வைக்க வேண்டும், எல்லோரும் பார்க்க வேண்டும். கீழே எழுதியிருந்தாள். ‘திருத்தம், மாலை 6.50. வந்த பதினேழு பேரும் அந்த மெஸ்ஸில் சாப்பிட்டவர்கள் இல்லை. மூன்று பேரிடம்தான் நான் கேட்டேன். விடுதித் தண்ணீர்த் தொட்டியில் எலி செத்துக் கிடந்ததாக இப்போது ஒரு மாணவர் வந்து சொல்கிறார். அவசரப்பட்டு ஒரு கடையின் பெயரை எழுதிவிட்டேன். அழகுநாச்சி அக்கா, என்னை மன்னித்துவிடுங்கள்.’ பக்கம் அச்சுக்கு ஏழரைக்குத்தான் போகும். போன் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அந்த நியூஸை எடுத்துருங்க என்று சொன்னால் போதும். ஏன் என்பார்கள். தப்பாம் என்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் சொன்னது எப்படித் தப்பாகும், யார் சொன்னது என்பார்கள். யார் சொன்னது? டீக்கடையில் அவர் கிழிகிழியென்று கிழிக்கிற கூட்டத்தில் ஒருத்தி, பிளஸ் டூ படித்த ஒரு மருந்துக்கடைப் பெண். ஏழு பத்து. டம்ளரில் ஆறிப்போன டீயைக் குடித்தார். ஏழு இருபது. கக்கூசுக்குப் போய்விட்டு வந்தார். போகவேண்டிய தேவையே இல்லை, சும்மா போய் நின்றுவிட்டு வந்தார். ஏழரை. அந்த இருபத்தைந்து நிமிஷம் உலகத்தில் யாருக்கும் தெரியாது. அவர் மனைவிக்குத் தெரியாது, ஆசிரியருக்குத் தெரியாது, எதிரே உட்கார்ந்து கொட்டாவி விடுகிற இந்த இருநூறு பிள்ளைகளுக்கும் தெரியாது. அவருக்கு மட்டும் தெரியும். அவமானம் அதில்தான் இருந்தது.

மறுநாள் காலை பேப்பர் போனது, மத்தியானம் நகராட்சிக்காரர்கள் வந்து கடையைப் பூட்டினார்கள். ஒரு வாரத்தில் திறந்துவிட்டார்கள்தான், ஆனால் திறந்த கடைக்கு யார் வருவது? அப்புறம் மெஸ் நடத்திய அந்த அழகுநாச்சி அம்மாள் ஆபீஸுக்கு வந்தாள். மஞ்சப்பையில், பரிசோதனை செய்த அறிக்கையை, தண்ணீர் பட்டுவிடக் கூடாது என்று பால் கவருக்குள் போட்டு எடுத்து வந்திருந்தாள். நாற்பத்தைந்து வயசு, நெற்றியில் திருநீறு, அடுப்புச் சூட்டில் கறுத்துப்போன முன்கை. “கடைல ஒரு குத்தமும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க சார். இதையும் பேப்பர்ல போடுங்க. நீங்க யாரும் வந்து என் கடைல ஒரு வா தண்ணி குடிச்சுப் பாக்கலையே சார், பாத்துட்டு எழுதியிருந்தா நான் ஏன் வந்து நிக்கப் போறேன்,” என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், கத்துகிறவர்களைச் சமாளிக்க அவருக்கு நன்றாகத் தெரியும். “எழுதிக் குடுத்துட்டுப் போங்கம்மா, விசாரிக்கிறோம்,” என்றார். அறிக்கையை வாங்கி மேஜை டிராயரில் வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது, பால் கவரோடு. அடுத்தது சித்திரையில் சம்பந்தி வீட்டுக் கல்யாணம். பந்தியில் சாப்பிட்டு முடித்து, இலையை மூடிவிட்டு, பீடா எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் வாளியோடு வந்து ஒரு கை இலையை இழுத்தது. அந்த முன்கை. முகத்தை வெடுக்கென்று அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். “எந்திரிங்க சார், அடுத்த பந்தி நிக்குது,” என்றாள். அடையாளம் தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா? எல்லோருக்கும் அப்படித்தானே சொல்லுவாள். அன்றைக்கு முழுக்க எலுமிச்சை தேய்த்துக் கை கழுவினார், சாம்பார் வாசனை போகவில்லை.

கைதட்டல் கேட்டுத் திடுக்கிட்டார். லூர்துமேரி மைக்குக்குப் போயிருந்தாள். மைக் உயரமாக இருந்தது, அதை இறக்கத் தெரியாமல் குதிகாலை உயர்த்தி நின்றாள். “எனக்குப் பேசத் தெரியாது. எழுதுறதும் நல்லாத் தெரியாது, கடைல கூட்டம் இல்லாதப்போ எழுதுறதுதான். பத்திரிகை பெருசா, வலைப்பூ பெருசான்னு என்னைக் கேட்டா நான் என்ன சொல்றது? எனக்குத் தெரிஞ்ச ஒண்ணச் சொல்றேன்,” என்றாள். வைரவநாதன் வாசலைப் பார்த்தார். வந்துவிட்டது. இதோ. ஓடிவிடலாமா? பொன்னாடையோடு எப்படி ஓடுவது? “நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். மார்க்கெட் ரோட்டுல ஒரு மெஸ் பேரைத் தீர விசாரிக்காம எழுதிட்டேன். மூணு மணி நேரத்துல தப்புன்னு தெரிஞ்சுச்சு, கோடு போட்டு அடிச்சு மன்னிப்பும் கேட்டேன். என் பதிவை மொத்தமே அம்பது பேர் படிப்பாங்க. ஆனா மறுநாள் அது பேப்பர்லயும் வந்திருச்சு. யாரோ ஒரு நிருபர் நான் முன்னாடி எழுதினதப் பாத்து நம்பிட்டார்போல. திருத்தத்த அவர் பாத்திருக்க மாட்டாரு. பாத்திருந்தா போட்டிருப்பாரா? அவரையும் தப்புப் பண்ண வச்சது நான்தான். அந்தக் கடை இன்னைக்கு இல்ல. அந்த அக்காவப் பாக்கறப்பல்லாம் எனக்குச் சோறு எறங்காது.” புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இப்ப எதை எழுதினாலும் நேர்ல போய்ப் பாத்துட்டுத்தான் எழுதுறேன். அவ்வளவுதான் சொல்லணும்.” வந்து உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்தாள். கைதட்டல் கொஞ்சமாகத்தான் வந்தது, பிள்ளைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பாத்திருந்தா போட்டிருப்பாரா. அவள் கேட்டது கேள்வியே இல்லை. போட்டிருக்க மாட்டார் என்றுதான் அவள் நம்புகிறாள், உலகத்தில் யாரும் அப்படிப் பார்த்துக்கொண்டே போட மாட்டார்கள் என்று நம்புகிறாள். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். இவ்வளவு நல்ல மனுஷனாக அவரை யாரும் நினைத்ததே கிடையாது.

“மூத்த பத்திரிகையாளர் அய்யா அவர்கள் நிறைவுரை ஆற்றுவார்கள்.” எழுந்தார். கால் நடந்தது. இப்போது சொல்லிவிட வேண்டியதுதான். அந்த நிருபர் நான்தான், பார்த்தேன், ஏழு ஐந்துக்குப் பார்த்தேன். மூன்றே வாக்கியம். சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுக்காமலே மைக்கைப் பிடித்தார். அவள் உயரத்துக்கு மேலே இருந்த மைக் அவருக்குச் சரியாக இருந்தது. இருநூறு முகம். முன்வரிசைப் பெண் பேனாவைத் திறந்து குறிப்பெடுக்கத் தயாராக இருந்தாள். “அவைக்கு வணக்கம்,” என்றார். குரல் கணீரென்று வந்தது. அந்தக் குரல்தான் கெடுத்தது. முப்பது வருஷம் ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த குரல், அது தன்பாட்டுக்குப் போக ஆரம்பித்தது. “பத்திரிகை என்றால் ஆசிரியர் உண்டு, பொறுப்பு உண்டு, சரிபார்ப்பு உண்டு. வலைப்பூவுக்கு என்ன உண்டு?” என்று கேட்டது. நிறுத்து என்று உள்ளே ஒருத்தர் சொல்லிக்கொண்டிருந்தார். “நான் சொல்ல வேண்டாம், சகோதரியே சொல்லிவிட்டார்கள். விசாரிக்காமல் எழுதினேன், ஒரு கடை அழிந்தது என்று அவர்கள் வாயாலேயே ஒப்புக்கொண்டார்கள். இதைத்தான் நாங்கள் இத்தனை நாளாகச் சொல்லி வருகிறோம்!” என்றது. கைதட்டல் அள்ளிக்கொண்டு போயிற்று. முதல்வர் தலையாட்டினார். முன்வரிசைப் பெண் எழுதிக்கொண்டாள். மேலே பத்து நிமிஷம் பேசினார், என்ன பேசினார் என்று அவருக்கே தெரியாது, உடம்பெல்லாம் ஒரே எரிச்சல், பொன்னாடைக்குள் முதுகு நனைந்து சட்டை ஒட்டிக்கொண்டது. திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவளும் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் முடிந்து எல்லோரும் கேன்டீன் பக்கம் போனார்கள். அவர் பொன்னாடையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து வேகமாக நடந்தார். “சார்,” என்று பின்னால் செருப்புச் சத்தம். நின்றார். “நீங்க சொன்னது சரிதான் சார். தப்பு என் பேர்லதான். ஒரு உதவி கேக்கலாமா?” கைப்பையைத் திறந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள். அவளுடைய பதிவை அச்சு எடுத்திருந்தாள். குறுக்கே கோடு, அடியில் ஆறு ஐம்பது. “அந்த நியூஸ்ல நமது நிருபர்னுதான் போட்டிருந்துச்சு, பேரு இல்ல. உங்க ஆபீஸ்ல யாருன்னு கேட்டு இதைக் காட்டுங்க சார். காட்டினா கண்டிப்பா அவரே திருத்தம் போட்டுருவாரு. அழகுநாச்சி அக்கா பாங்க்ல கடன் கேட்டிருக்காங்க, மறுபடி கடை போடணுமாம். திருத்தம் வந்த பேப்பர் கட்டிங் கொண்டான்னு அங்க சொல்றாங்களாம். நான் எழுதிக் குடுத்தா செல்லாதாம், உங்க பேப்பர்ல வந்தாத்தான் நம்புவாங்களாம்.” அவள் கண் அவர் முகத்திலேயே இருந்தது. இந்தத் தடவை கைப்பையைத் தோளில் மாட்டி முதுகுப் பக்கம் தள்ளியிருந்தாள், பார்க்க ஜிப்பும் இல்லை. காகிதத்தை வாங்கினார். சொல்லிவிடு. இங்கே மைக் இல்லை, மேடை இல்லை, இருநூறு பேர் இல்லை. இவள் ஒருத்திதான். இவள் மன்னித்தாலும் மன்னித்துவிடுவாள். அந்த நினைப்பு வந்ததும்தான் வாய் இறுகிக்கொண்டது.

“விசாரிக்கிறேம்மா,” என்றார்.

“எப்ப சார் வந்து கேக்கட்டும்?”

“நீங்க வரவேண்டாம். நானே கூப்பிடறேன். நம்பர் குடுங்க.”

சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். எழுதிவிட்டு, வழக்கம் விடவில்லை, “திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க,” என்று ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திப் படித்தார். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். இரண்டாம் தடவையும் படித்தார். “கரெக்ட் சார்,” என்றாள். “இவ்வளவு கவனமா எழுதுறீங்க. அந்த நிருபருக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க சார்.” கும்பிட்டுவிட்டு, கடைக்கு நேரமாகிறது என்று பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். வைரவநாதன் அங்கேயே நின்று, எண் சரியாக இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்து, அதன் கீழே ஒரு கோடு போட்டார்.